ஆட்டுத் தொட்டியில் கழிக்கப்படும் இறைச்சி: காரணங்களும் நஷ்டமும்

செம்மறியாடும் வெள்ளாடும் குடியானவனுக்கு அவசர காலத்துக் கைப்பொருளாகும். மழை பொய்த்த ஆண்டிலும், வீட்டில் கலியாணம் கூடிய மாதத்திலும், நாலு ஆட்டைச் சந்தைக்கு ஓட்டிச் சென்றால் மாலைக்குள் பணம் கிடைத்துவிடுகிறது. ஆனால் சந்தையில் கைமாறிய ஆடு அதற்கப்பால் என்ன ஆயிற்று என்று விசாரிக்கும் குடியானவர்கள் மிகச் சிலரே. எட்டயபுரம், செஞ்சி, மேலப்பாளையம், அய்யலூர் முதலிய பெருஞ் சந்தைகளில் வாங்கப்படும் ஆடுகளில் பெரும் பகுதி லாரியேறி நகரங்களுக்குச் செல்லுகின்றது. அங்கே தொட்டியில் அறுக்கப்பட்ட ஆட்டின் ஈரலையும், நுரையீரலையும், சில சமயங்களில் உடல் முழுவதையுமே, மனிதர் உண்ணத் தகாதவை என்று கால்நடை வைத்தியர் கழித்துவிடுகிறார்.

இது கசாப்புக்காரரின் நஷ்டம், நமக்கு இதில் என்ன என்று எண்ணுதல் பிழையாகும். இவ்வாறு கழிக்கப்படுவதற்குரிய காரணங்களில் பெரும்பாலானவை தொட்டியில் உண்டானவை அல்ல. ஏரியின் உட்புறத்துப் புல்லிலும், கிடையிலும், நாய்க்கு எறியப்பட்ட குடலிலும், ஆட்டைப் பிடித்துத் தூக்கிய கையிலும் அவை உண்டாகின்றன. ஆகையால் அவற்றைத் தடுக்கும் சக்தியும் கிராமத்தினிடத்திலேயே இருக்கின்றது. நஷ்டத்தின் பெரும் பங்கும் முடிவில் கிராமத்தையே வந்து சேருகின்றது.

சோதனை நடைபெறும் விதம்

இந்தியாவில் அறுப்புச்சாலைகளைப் பற்றி 2001-ம் ஆண்டில் ஏற்பட்ட மத்திய சர்க்கார் விதிகளின்படி, அறுக்கப்படவேண்டிய ஒவ்வொரு பிராணியையும் உயிரோடிருக்கும்பொழுதே கால்நடை வைத்தியர் பார்த்துத் தகுதிச் சான்று அளிக்க வேண்டும். ஒரு வைத்தியர் மணிக்கு 12 பிராணிகளுக்கும் நாளொன்றுக்கு 96 பிராணிகளுக்கும் மேற்பட்டுப் பார்த்தல் கூடாது. சினையாக இருப்பவை, 3 மாதத்திற்குக் குறைந்த குட்டியை உடையவை, 3 மாதம் நிரம்பாத குட்டிகள் ஆகிய இவற்றை அறுத்தல் ஆகாது. சோதிக்கப்பட்ட பிராணிக்கு 24 மணி நேரம் ஓய்வு அளிக்க வேண்டுமென்பதும் விதியாகும்.

அறுத்த பிறகு இரண்டாம் சோதனை நடைபெறுகிறது. வைத்தியர் நுரையீரலைக் கையால் தடவி உள்ளே கட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். ஈரலைக் கீறிப் பித்தக் குழாய்களைத் திறந்து பார்ப்பார். முன்னந்தோளுக்கு முன்னாலும் பின்தொடைக்கு முன்னாலும் உள்ள கழலைகளை அறுத்துப் பார்ப்பார். கோளாறு ஓர் உறுப்பில் மட்டும் இருந்தால் அவ்வுறுப்பு மாத்திரம் கழிக்கப்படும். காய்ச்சல், மஞ்சட்காமாலை, இரத்தத்தில் விஷம் கலந்திருத்தல், உடல் முழுதும் பரவிய சீழ்க்கட்டிகள், எலும்புந் தோலுமாய் மெலிந்து கொழுப்பெல்லாம் நீராய்ப் போயிருத்தல் ஆகிய குறிகள் காணப்பட்டால் உடல் முழுவதும் கழிக்கப்படும்.

மேற்கண்ட சோதனை விதிப்படி நடக்கும் தொட்டிகளுக்கே உரியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மரத்தடியில் ஒன்றிரண்டு ஆட்டை அறுத்து விற்கும் இடத்திலும், கோயில் கொடையில் கிடா வெட்டும் இடத்திலும் இச்சோதனை இல்லை. அங்கே கட்டியுள்ள ஈரலைக் கண்டால் வெட்டுபவர் அப்பகுதியை அரிந்து அருகில் காத்திருக்கும் நாய்க்கு எறிந்துவிடுகிறார். இச்சிறு செய்கை கிராமத்தின் மந்தை முழுவதற்கும் எத்தகைய கேட்டை விளைவிக்கிறதென்பது பின்னால் விளங்கும்.

நஷ்டம் யாரைச் சேருகிறது?

வியாபாரி ஆட்டைக் கண்ணால் பார்த்தும், முதுகையும் விலாவையும் கையால் பிடித்துப் பார்த்தும் விலை பேசுகிறார். ஈரலின் உட்புறம் அவருக்குத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கத்து ஆடுகளில் ஈரல் கழிவு அதிகம் என்பதைப் பல ஆண்டு அநுபவத்தினால் அறிந்திருக்கிறார். பத்து ஆட்டில் ஒன்றின் ஈரல் போகும் என்று அவர் கணக்கிட்டால், அந்த ஒன்றின் நஷ்டத்தைப் பத்தின் விலையிலும் பரப்பிக் குறைத்தே கேட்பார். இதனால் நல்ல ஆட்டை வளர்த்த குடியானவனும், நோயுள்ள ஆட்டை விற்றவனுக்காகத் தன்னை அறியாமலே தண்டம் செலுத்துகிறான்.

இதனினும் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். ஒரு மந்தையில் 100 ஆடுகள் உள்ளனவென்றும், ஒவ்வொன்றும் உயிரோடு 25 கிலோ நிறையென்றும், ஒவ்வொன்றின் ஈரலும் உத்தேசமாக 400 கிராம் என்றும் வைத்துக்கொள்வோம். அவற்றுள் 10 ஆடுகளின் ஈரல் கழிக்கப்பட்டால் கண்ணுக்குத் தெரியும் நஷ்டம் 4 கிலோ ஈரலாகும். இனி, ஈரல் கெட்ட அந்த 10 ஆடுகளும் நோயினால் தலைக்கு 2 கிலோ வளர்ச்சி குன்றியிருந்தால் 20 கிலோ உயிர் எடை போயிற்று. அதே புல்லை மேய்ந்து, கழிக்கத்தக்க அளவுக்கு ஈரல் கெடாத மற்றத் தொண்ணூறும் தலைக்கு அரைக் கிலோ குன்றியிருந்தால் இன்னும் 45 கிலோ போயிற்று. ஆக 65 கிலோ உயிர் எடை. ஆட்டின் எடையில் ஏறக்குறையப் பாதியே இறைச்சியாதலால், இறைச்சியாகக் கொண்டால் 30 கிலோவுக்கு மேற்பட்டது. தொட்டியில் 4 கிலோ போனதைக் கண்டோம்; மேய்ச்சலில் அதைப்போல் ஏழு மடங்குக்கு மேல் போனதைக் காணவில்லை. தாயாட்டின் பால் வற்றிக் குட்டி சூம்பிப்போனதும், பருவத்தில் சினைப்படாமற் போனதும் இக்கணக்கில் சேரவில்லை. ஒவ்வொரு குடியானவரும் தம் மந்தைக்கேற்ற எண்களை இட்டு இக்கணக்கைத் தாமே போட்டுப் பார்க்கலாம்.

ஆகவே தொட்டியில் கழிக்கப்பட்ட ஈரல், மந்தையில் மறைவாய் நடந்துவரும் பெருநஷ்டத்திற்கு அடையாளமாகும். அவ்வடையாளத்தைக் குடியானவர் அறியும்படி செய்தல் மிகவும் பயனுள்ளது. ஆஸ்திரேலியாவில் 2007-ம் ஆண்டில் செம்மறியாடுகளின் உடல்நலக் கண்காணிப்புத் திட்டம் ஒன்று தேச அளவில் தொடங்கப்பட்டது. அறுப்புச்சாலையில் கண்ட நோய்க் குறிகள், இன்ன மந்தையில் இன்னது என்று அதன்மூலம் பதிவு செய்யப்பட்டு ஆட்டின் சொந்தக்காரருக்குத் திரும்ப அறிவிக்கப்பட்டன. நம் குடியானவர்களும், ஒரே வியாபாரிக்குத் தொடர்ந்து ஆடு விற்பவர்களாயின், "ஈரல் எப்படி இருந்தது?" என்று அடுத்த சந்தையில் கேட்டறியும் வழக்கத்தைக் கைக்கொள்ளலாம். இதற்குச் செலவு ஒன்றுமில்லை.

ஈரலில் தட்டைப்புழு

ஈரல் கழிக்கப்படுவதற்குரிய காரணங்களில் முதன்மையானது தட்டைப்புழுவாகும். இலைபோல் தட்டையாய், 2½ முதல் 7½ சென்டிமீட்டர் வரை நீளமுள்ள இப்புழு பித்தக் குழாய்களில் தங்கி வாழ்கிறது. குழாய்கள் தடித்துக் கெட்டியாகி, கத்தியால் அறுக்கும்பொழுது நறநறவென்று ஓசையிடுவதும் உண்டு.

இப்புழுவின் வாழ்க்கையை அறிந்தால் தடுக்கும் வழியும் விளங்கும். புழுவின் முட்டைகள் ஆட்டுப் புழுக்கையோடு வெளிவருகின்றன. அவை தண்ணீரில் விழுந்தால் சில வாரங்களில் பொரித்துக் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு வெளிப்படும். ஏறக்குறைய ஒரு நாளைக்குள் அக்குஞ்சு ஒருவகைத் தண்ணீர் நத்தைக்குள் புகவேண்டும், இல்லையேல் செத்துப்போகும். நத்தைக்குள் புகுந்த ஒன்று நூற்றுக்கணக்காய்ப் பெருகி மறுபடி தண்ணீரில் வெளிவந்து, புல்லின் மேல் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக் காத்திருக்கும். அப்புல்லை ஆடு மேய்ந்தால் இளம்புழுக்கள் குடலைத் துளைத்து ஈரலை அடைந்து, வாரக்கணக்காய் ஈரலைத் துருவித் தின்றுகொண்டு சென்று, பின்னர்ப் பித்தக் குழாயில் குடியேறுகின்றன.

நம் நாட்டில் இதற்கு மிகவும் இடங்கொடுப்பன ஏரியின் உட்புறமும், வாய்க்கால் ஓரமும், நெல் அறுத்த ஈர வயல்களும் ஆம். கோடையில் மேட்டுநிலத்துப் புல் காய்ந்துவிட, ஏரியின் தண்ணீர் வடிய வடிய அதனுள்ளே மாத்திரம் பச்சைப்புல் தழைக்கிறது. நத்தைகளும் அங்கேயே ஒதுங்கியிருக்கின்றன. பசித்த மந்தை அங்கே சென்று புல்லைத் தரையோடு கரும்பி மேய்கிறது. இராமநாதபுரம் பக்கத்துக் கீதாரிகள் அறுவடைக்குப்பின் கிடை போடுவதற்காகத் தஞ்சைப் பகுதி வயல்களுக்கு மந்தைகளை ஓட்டிச் செல்லுவது நெடுநாளைய வழக்கம். வயலுக்கு எருவும் கீதாரிக்குக் கூலியும் தரும் அவ்வழக்கம் நல்லதே. ஆனால் ஈரவயலில் மேய்ந்து திரும்பிய மந்தைக்குப் புழுமருந்து கொடாது விடுதல் நல்லதன்று.

நோய்க்குறிகளாவன: ஆடு மெலிதல், கண்ணிமையின் உட்புறம் வெளுத்தல், தாடைக்குக் கீழே நீர்கட்டிப் பைபோல் தொங்குதல். இளம்புழுக்கள் ஏராளமாய் ஒரே சமயத்தில் புகுந்தால் குறி ஒன்றும் காட்டாமலே ஆடு திடீரென்று சாவதும் உண்டு. மருந்துகளுள் டிரைகிளாபென்டசோல் இளம்புழுவையும் முதிர்ந்த புழுவையும் கொல்லும். ஆக்சிகுளோசனைடும் ஆல்பெண்டசோலும் முதிர்ந்த புழுவுக்கே உதவும். ஆல்பெண்டசோலைச் சினையின் முதற்பகுதியிலுள்ள ஆட்டுக்குக் கொடுத்தால் குட்டி ஊனமாய்ப் பிறக்கக்கூடும். ஆகையால் மருந்து, அளவு, காலம் ஆகிய மூன்றையும் கால்நடை வைத்தியரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மருந்தைவிட முக்கியமானது, ஏரியின் உட்புறத்துப் புல்லை ஆட்டுக்கு விடாமல் அறுத்து நன்றாய் வெயிலில் உலர்த்திப் போடுதலும், குடிக்கும் தண்ணீரைத் தொட்டியில் வைத்துக் காட்டுதலும் ஆகும்.

நாயும் ஆடும்

இரண்டாம் பெருங்காரணம் நாயின் வயிற்றிலுள்ள நாடாப்புழுக்களாகும். தொட்டியில் வைத்தியர் கழிக்கும் நீர்க்கட்டிகள் அனைத்தும், எங்கோ ஒரு நாயின் மலத்திலிருந்து வந்தவை என்பதைக் குடியானவர்கள் நன்கு மனத்திற் கொள்ளவேண்டும்.

இவற்றுள் மிகவும் கொடியது எக்கினோகாக்கஸ் எனப்படும் மிகச் சிறிய நாடாப்புழு. நாயின் குடலில் வாழும் இதன் நீளம் அரைச் சென்டிமீட்டருக்குச் சற்று முன்பின்னாகவே இருக்கும். ஆனால் ஒரு நாயில் ஆயிரக்கணக்கில் இருக்கக்கூடும். இதன் முட்டைகள் நாயின் மலத்தோடு வெளிப்பட்டுப் புல்லிலும் தண்ணீரிலும் கலக்கின்றன. நாயின் உரோமத்திலும் ஒட்டிக்கொள்கின்றன. புல்லோடு அவற்றை உண்ட ஆட்டின் ஈரலிலும் நுரையீரலிலும் தெளிந்த நீர் நிறைந்த கட்டிகள் உண்டாகி, ஆண்டுக்கணக்காய் மெல்ல மெல்லப் பெருக்கின்றன. ஆகையினால்தான் இளங் கிடாய்களில் குறைவாகவும், பலமுறை ஈன்று கழிந்த கிழட்டுப் பெண்ணாடுகளில் அதிகமாகவும் இவை காணப்படுகின்றன. கட்டியிலுள்ள மணல் போன்ற சிறு பொடி ஒவ்வொன்றும் புழுவின் தலையாகும். அக்கட்டியை மறுபடி ஒரு நாய் தின்றால் ஆறேழு வாரங்களில் அப்பொடிகள் முதிர்ந்த புழுக்களாகி முட்டையிடத் தொடங்கும்.

நாயினின்று ஆட்டுக்கு வருவன வேறு சிலவும் உண்டு. குடலை மூடிய கொழுப்புச் சவ்விலும் ஈரலின் மேலும் எலுமிச்சம்பழம் அளவுக்குத் தொங்கும் நீர்ப்பைகள் ஒரு வகை. தசையிலும் இருதயத்திலும் சிறு மணிகளாய்த் தோன்றுவது மற்றொரு வகை. இவ்விரண்டும் மனிதருக்கு நோய் தருவன அல்ல. எனினும் கண்ணுக்கு அருவருப்பாதலால் உறுப்பும் இறைச்சியும் கழிக்கப்படுகின்றன. மூளையில் கட்டி உண்டாகி ஆடு ஒரே பக்கமாய்ச் சுற்றிச் சுற்றி வந்து சாகும் நோய் மூன்றாவது வகை. அவ்வாறு செத்த ஆட்டின் தலையை நாய்க்குப் போடுவதே அந்நோயை வளர்க்கும் வழியாகும்.

கிடைக்குக் காவலாய் நாய் வேண்டியதே. ஆனால் செத்த குட்டியையும் விழுந்த ஆட்டையும் கிடை நாய்க்கே விட்டுவிடும் வழக்கத்தினால், மந்தையோடு கூடவே நடந்துசெல்லும் நோய்க் களஞ்சியமாய் அந்நாய் ஆகிவிடுகிறது. மந்தை எந்தெந்த வயலில் தங்குகிறதோ அங்கெல்லாம் முட்டை விதைக்கப்படுகிறது.

மனிதருக்கு வரும் அபாயம்

எக்கினோகாக்கஸ் முட்டை ஆட்டுக்கு மட்டும் ஆபத்தானதன்று. நாயைத் தடவிய கையைக் கழுவாமல் உண்பவருக்கும், நாயோடு கட்டிப் புரண்டு விளையாடும் குழந்தைக்கும், நாய் அசுத்தம் செய்த தோட்டத்துக் கீரையைக் கழுவாமல் பச்சையாய்த் தின்பவருக்கும் அதே கட்டி ஈரலிலோ நுரையீரலிலோ உண்டாகலாம். குழந்தைப் பருவத்தில் புகுந்த முட்டை பல ஆண்டு யாதொரு குறியும் காட்டாது வளர்ந்து, நடுவயதில் பெருங் கட்டியாய் வெளிப்படுதலும் உண்டு. பெரிய கட்டிக்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையே வழியாகிறது. உள்ளே கட்டி உடைந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. கட்டியுள்ள ஆட்டிறைச்சியை உண்பதனால் இந்நோய் மனிதருக்கு வருவதில்லை. நாயின் வழியாகவே வருகிறது. ஆகையால் கழித்த ஈரலை நாய்க்குப் போடுகிறவர், தம் வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்நோயைத் திருப்பி அழைப்பவராகிறார்.

இந்நோயைக் கிராமத்தாரின் ஒழுங்கினாலேயே ஒழிக்கக்கூடும் என்பதற்கு இரண்டு தேசங்கள் சான்றாக உள்ளன. வட அட்லாண்டிக் கடலிலுள்ள ஐஸ்லாந்துத் தீவு செம்மறியாட்டையே பெரிதும் நம்பியது. அங்கே நீர்க்கட்டி நோய் மனிதரிடத்து மிகவும் மலிந்திருந்தது. 1863-ம் ஆண்டில் டென்மார்க்கிலிருந்து ஹரால்டு கிராபே என்னும் விஞ்ஞானி அங்கே சென்று நாய்களைச் சோதித்து உண்மையை விளக்கினார். பின்பு நோயின் காரணத்தை எளிய நடையில் கூறும் சிறு புத்தகம் ஒன்று அச்சிட்டு வீடுகள்தோறும் வழங்கப்பட்டது. நாய்களைக் கட்டுப்படுத்தவும், கட்டியுள்ள உறுப்புகளை அழிக்கவும் 1890-ம் ஆண்டில் சட்டமும் ஏற்பட்டது. அந்நோய் இன்று அத்தீவில் இல்லை. நியூஸிலாந்திலும் 1959-ம் ஆண்டில் இதற்கென்றே சட்டம் இயற்றி, நாய்களுக்கு மருந்தும், பச்சைக் குடலை நாய்க்குப் போடாமையும் கட்டாயமாக்கப்பட்டன. பல ஆண்டு முயற்சிக்குப்பின் 2002-ம் ஆண்டில் இந்நோய் நீங்கியதாக அங்கே அறிவிக்கப்பட்டது. அவ்விரு தேசத்தாரும் கைக்கொண்ட முறையின் சாரம் ஒன்றே: நாய்க்குப் பச்சைக் குடல் எட்டாமற் செய்தல்.

சீழ்க்கட்டியும் நுரையீரல் நோயும்

காதுக்குக் கீழும், தோளுக்கு முன்னும், தொடைக்கு முன்னும் உள்ள கழலைகள் வீங்கி, உள்ளே பச்சை கலந்த வெண்மையாய்ப் பாலாடைக் கட்டிபோல் சீழ் வைப்பது மற்றொரு நோய். இது கிருமியினால் வருவது. உரோமம் கத்தரிக்கும்போது பட்ட கீறல், முள் கிழித்த காயம், காது குத்திய துளை ஆகியவற்றின் வழியாக உடம்பில் புகுகின்றது. கட்டி ஒன்றிரண்டே யாயின் அப்பகுதியை நீக்கி இறைச்சி ஏற்கப்படும். பல இடங்களில் பரவி ஆடும் மெலிந்திருந்தால் முழு உடலும் போகும். உரோமம் கத்தரிக்கும்போது இளம் ஆடுகளை முதலிலும், கட்டியுள்ளவற்றைக் கடைசியிலும் கத்தரிக்க வேண்டும். கத்தரியை ஆட்டுக்கு ஆடு கிருமிநாசினியில் நனைக்க வேண்டும். கட்டியைப் பட்டிக்குள் உடைத்துச் சீழைத் தரையில் சிந்தவிடலாகாது. கிருமி மண்ணில் மாதக்கணக்காய் உயிரோடிருக்கும்.

நுரையீரல் கழிக்கப்படுவதற்குச் சளிநோய்களும் பழைய சீழ்க்கட்டிகளும் காரணமாகின்றன. ஈரமும் புழுக்கமும் நிறைந்த கொட்டில், கிளம்பும் புழுதி, மழையில் நனைந்த மந்தை ஆகியவை இவற்றை வளர்க்கும். ஆட்டின் தலையை அண்ணாக்கப் பிடித்து அவசரமாய் மருந்து புகட்டுவதனால் மருந்து மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலைக் கெடுப்பதும் உண்டு. தலையை நேர்மட்டத்தில் வைத்து, கடைவாயில் சிறிது சிறிதாய் ஊற்ற வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய்க்குரிய தடுப்பூசியைத் தவறாது போடுதலும் அவசியம்.

காயமும் கன்றலும்

மேற்கூறியவை மாதக்கணக்கில் உண்டாகும் கோளாறுகள். ஒரே நாளில் உண்டாகும் நஷ்டமும் இருக்கிறது. ஆட்டை உரோமத்தைப் பற்றித் தூக்கினால் தோலுக்கடியில் இரத்தம் கட்டிக் கன்றிப்போகும். ஒற்றைக் காலைப் பிடித்து இழுத்தால் தொடையிலும், தடியால் அடித்தால் முதுகிலும் அவ்வாறே ஆகும். உயிரோடுள்ள ஆட்டில் இது வெளியே தெரியாது. தோலை உரித்தபின் கருஞ்சிவப்பாய்க் காணப்படும். அவ்விடத்தை அரிந்து எறிவர். அதிக விலைபெறும் தொடையும் முதுகுமே இவ்வாறு அதிகம் கெடுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. ஆட்டைத் தூக்கவேண்டின் ஒரு கையை மார்புக்கடியிலும் மற்றொரு கையைப் பின்தொடைகளுக்குப் பின்னும் கொடுத்துத் தூக்க வேண்டும்.

லாரியில் நெருக்கி அடைத்தால் கீழே விழுந்த ஆடு எழுந்திருக்க இடமின்றி மிதிபட்டுச் சாகும். கொம்புள்ள கிடாயைக் குட்டிகளோடு சேர்த்து ஏற்றினாலும் காயமே. நெடுந்தூரம் பட்டினியாய் வந்து களைத்த ஆட்டின் இறைச்சி கறுத்து, விரைவில் கெட்டுப்போகும். ஆடுகள் பிரயாணத்திற்குத் தகுதியானவை என்னும் கால்நடை வைத்தியரின் சான்று வேண்டுமென்று 1978-ம் ஆண்டின் பிராணிப் போக்குவரத்து விதிகள் கூறுகின்றன.

ஊசி மருந்தைத் தொடையில் போட்டுக் கட்டியானாலும் அத்தொடை கெடும். கழுத்திலேயே போடச் செய்தல் நலம். மருந்து கொடுத்தபின் இத்தனை நாள் சென்றே அறுக்கவேண்டுமென்று மருந்துச் சீட்டில் குறித்திருக்கும். அந்நாள் கழியுமுன் விற்கலாகாது.

குடியானவர்கள் செய்யவேண்டியவை

1. அறுத்த ஆட்டின் கழிவையும் செத்த ஆட்டையும் நாய்க்குப் பச்சையாய்ப் போடலாகாது. போடவேண்டின் அரைமணி நேரத்திற்குக் குறையாமல் கொதிக்க வேகவைத்துப் போடவேண்டும்.

2. வீட்டு நாய்க்கும் கிடை நாய்க்கும் பிரசிகுவான்டல் என்னும் புழுமருந்தை வைத்தியர் சொற்படி கொடுக்க வேண்டும். புழு முதிர ஆறு வாரம் செல்லுமாதலால், ஆறு வாரத்திற்கொரு முறை கொடுத்தலே முழுப்பயன் தரும். மருந்து கொடுத்த இரண்டு மூன்று நாட்கள் நாயைக் கட்டிவைத்து அதன் மலத்தை ஆழப் புதைத்தல் வேண்டும்.

3. ஈர நிலத்தில் மேய்ந்த மந்தைக்கு வைத்தியரைக் கேட்டுத் தட்டைப்புழு மருந்து கொடுக்க வேண்டும்.

4. சினையாட்டையும், குட்டிக்குப் பால் கொடுக்கும் ஆட்டையும், காய்ச்சலாயுள்ள ஆட்டையும் கசாப்புக்கு விற்கலாகாது. நோயில் விழுந்த ஆட்டைச் சாகுமுன் அறுத்து விற்பது பாவமும் அபாயமும் ஆகும்.

5. திடீரென்று செத்து, மூக்கிலும் ஆசனவாயிலும் இரத்தம் கசியும் ஆட்டைக் கத்தியால் தொடவே கூடாது. அது அடைப்பான் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவிக்க வேண்டும்.

கிராம அதிகாரிகள் செய்யவேண்டியவை

ஆடு அறுக்கும் இடம் எவ்வளவு சிறிதாயினும், அதனருகே ஒரு கழிவுக் குழி வேண்டும். ஆள் மட்டத்துக்குக் குறையாத ஆழமும், நாய் தோண்டாதபடி கனத்த மூடியும் அதற்கு அவசியம். கழிவை இட்டபின் சுண்ணாம்பு தூவி மண்ணிட வேண்டும். கொடை நாட்களில் வெட்டும் இடத்தைச் சுற்றி நாய் புகாமல் வேலியிட்டு, கழிவு அனைத்தையும் அன்றே புதைக்கும்படி ஊராட்சியார் ஓர் ஆளை நியமித்தல் நலம். அன்று ஒருநாள் எறியப்படும் குடல், ஊரிலுள்ள எல்லா நாய்களையும் நோய்ப்படுத்தப் போதுமானது.

தெருநாய்களைக் கொன்று தீர்த்தல் சட்டத்திற்கு விரோதம். கருத்தடை செய்து வெறிநோய்த் தடுப்பூசி போடும் பொறுப்பை 2023-ம் ஆண்டின் விதிகள் உள்ளூர் ஸ்தாபனங்களுக்கே அளித்திருக்கின்றன. பச்சைக் கழிவு கிடைக்காத ஊரில் நாய்களின் தொகை தானாகவே கட்டுக்குள் நிற்கும் என்பதும் அநுபவம். கிடை போட வரும் கீதாரிகளிடம் நாய்க்கு மருந்து கொடுத்ததுண்டா என்று விசாரித்து, கொடாதிருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு வழிகாட்டுதல் வயலுக்குடைய மிராசுதாரர்களுக்கும் நன்மையே. முட்டை விழுவது அவர்கள் வயலில் அன்றோ?

தொட்டியிலுள்ள வைத்தியர் கெட்டதைக் கழிக்க முடியுமே யன்றி, கெடாமற் செய்ய அவரால் இயலாது. மேற்கூறியவற்றுள் பெரும் பொருட்செலவு பிடிப்பது ஒன்றுமில்லை. ஒரு குழியும், நாய்க்குரிய சில மாத்திரைகளும், மேய்ச்சலைப் பற்றிய சிறிது கவனமுமே வேண்டுவன. ஊரார் ஒருவரோடொருவர் சேர்ந்து இவற்றைச் சில ஆண்டு விடாது செய்துவந்தால், ஆட்டின் எடை கூடுவதும், சந்தையில் அவ்வூர் ஆட்டிற்கு நற்பெயர் உண்டாவதும், குழந்தைகள் கொடிய நோயொன்றினின்று தப்புவதும் திண்ணம்.